மாந்தோப்பில் ஒரு ராத்திரி: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதல்முறை டென்ட் போடுகிறவர்களுக்கு

நம் இரண்டு மாவட்டங்களிலும் கிராமத்து நடைக்கும் டென்ட்டுக்கும் ஏற்ற காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெயிலும் தாங்கும். ஆனால் அந்த மாதங்களில்கூட வழியில் நம்பிக் குடிக்கிற தண்ணீர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குடிக்கிற தண்ணீரை முழுக்க முதுகில் சுமந்துதான் போக வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் மற்ற எல்லாவற்றிலும் எடையைக் குறைக்கிறோம்.

எங்கே போகலாம், எங்கே வேண்டாம்

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே விதிகள் கொண்டுவந்தது. காட்டுப் பாதைதான் வேண்டும் என்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சானமாவு பக்கம் முதல் முகாமுக்கு வேண்டவே வேண்டாம். ராகி விளைந்து அறுப்புக்கு வரும் சமயத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இறங்கும். நமக்கு நல்ல குளிர்காலம் என்பது அவற்றுக்கும் வலசைக் காலம். பென்னாகரத்தில் காட்டை ஒட்டிய ஊர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் பக்கத்து மாந்தோப்புகள் ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றவை. அங்கேயும் சமீபத்தில் யானை வந்ததா என்று ஊரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதலில் பகல் நடை

ராத்திரி தங்குவதற்கு முன் இரண்டு மூன்று பகல் நடையாவது போய்ப் பாருங்கள். ராயக்கோட்டை மலைக்கோட்டை நல்ல தொடக்கம். ஊருக்கு ரயிலும் உண்டு. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அதனால் டென்ட் போடும் எண்ணம் கூடாது. தீர்த்தமலைக் கோயிலுக்கு ஏறுவதும் கால்களைப் பழக்கும்.

காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் முடியுங்கள். சமதளத்தில் மூட்டையோடு மணிக்கு 3 கி.மீ. என்று கணக்கு வையுங்கள். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பும் ஓடுவதற்கான ஷூவும் இங்கே சரிப்படாது. சீமைக்கருவேல முள் அடியைத் துளைத்துப் பாதத்தில் ஏறும். கெட்டி ரப்பர் அடி உள்ள ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

தண்ணீர்க் கணக்கு

நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர். மாலை இரண்டு மணி நேர நடைக்கு 1 லிட்டர், ராத்திரி சாப்பாட்டுக்கும் குடிக்கவும் 1, காலைக்கு 1, திரும்பும் நடைக்கு 1, கைவசம் இருக்க 1. ஆக ஆளுக்கு 5 லிட்டர், அதாவது 5 கிலோ.

இதை ஒரே கேனில் கொண்டுபோகாதீர்கள். மூடி ஒன்று கசிந்தால் மொத்தமும் போய்விடும். பாதி காலியானதும் தண்ணீர் அலைந்து நடையைக் கெடுக்கும். ஐந்து ஒரு லிட்டர் பாட்டில்கள்தான் சரி.

தோட்டத்து போர்வெல்லை நம்பிப் பாட்டிலைக் குறைக்கலாமா என்று தோன்றும். நம் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். போர்வெல் தண்ணீரைக் கை கால் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

மூட்டை: தண்ணீர் போக சுமார் 5 கிலோ

டென்ட் 2 கிலோவுக்குள் இருக்கட்டும். இரண்டு பேர் பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு 1 கிலோ. ஃபோம் பாய் 400 கிராம், ஸ்லீப்பிங் பேக் 1 கிலோ, ஸ்வெட்டரும் மாற்றுத் துணியும் 600, ஹெட்லைட் 100, மருந்து 200, சாப்பாடு 700, பை 1 கிலோ. பின்னால் சொல்லும் கயிறும் களைக்கொத்தும் தவிர, இதோடு நிறுத்துங்கள். ஜீன்ஸை வீட்டில் விடுங்கள். பனியில் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது.

தார்ப்பாய் மட்டும் போதும் என்று சிலர் சொல்வார்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர், 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம்) தார்ப்பாய் சுமார் 800 கிராம்தான், எடைக்கு நல்லதுதான். ஆனாலும் இங்கே அது தவறான சிக்கனம். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ தடமோ தெரியாமலே போகலாம். தரைத் துணியும் கொசுவலையும் சேர்த்துத் தைத்த, ஜிப் முழுக்க மூடுகிற டென்ட்தான் வேண்டும். ஷூவையும் உள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் தேள் புகும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுக்கும்போது ஸ்லீப்பிங் பேக் அடியில், தண்ணீர் பாட்டில்கள் நடுவில் முதுகை ஒட்டி. தண்ணீரை வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும், அரை மணியில் தோள் வலிக்கும்.

தோப்புக்காரரிடம் கேட்க வேண்டியவை

ஒரு வாரம் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். எத்தனை பேர், எந்த ராத்திரி, வண்டி எண் என்ன என்று சொல்லிவிடுங்கள். ராத்திரி காவலுக்கு நாய் விடுவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கேட்க மறப்பது மருந்து அடித்த தேதி. குளிர்காலத்தில் மா பூக்கும். தத்துப்பூச்சிக்காகப் பூவில் மருந்து தெளிப்பார்கள். அடித்து சில நாளே ஆன மரத்தடியில் படுக்கக் கூடாது. அந்தத் தோப்பை விட்டு வேறு நாள் பாருங்கள். காய் பிடித்துக் காவல் போட்ட பிறகு கேட்பதே முறையல்ல.

டென்ட் போடுவது

மாலை 5 மணிக்குள் இடத்தில் இருங்கள், 6 மணிக்கு மேல் இருட்டிவிடும். ஓடைத் தடம், ஏரி உள்வாய், தென்னை மரத்தடி மூன்றும் கூடாது. கொஞ்சம் மேடான, சருகு குறைந்த இடமாகப் பார்த்து, நெருஞ்சி முள் போகும்வரை பெருக்குங்கள். ஒரு முள் போதும் தரைத் துணியைக் கிழிக்க.

நம் சரளை மண்ணில் டென்ட் ஆணி பெரும்பாலும் இறங்காது. அடித்து வளைக்க வேண்டாம், 3 மி.மீ. நைலான் கயிறு பத்து மீட்டர் எடுத்துப் போங்கள். கயிற்று நுனியைக் கையளவு கல்லில் கட்டித் தரையில் வையுங்கள். அதற்கு முன்னால், டென்ட் இருக்கிற பக்கமாக, கயிற்றின் மேல் பெரிய கல்லை ஏற்றுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் முட்டி நின்றுவிடும். பெரிய கல்லில் நேரடியாகச் சுற்றினால் கயிறு தேய்ந்து அறும்.

குளிருகிறதே என்று எல்லா ஜன்னலையும் அடைத்துவிடாதீர்கள். மூச்சின் ஈரம் மேல்துணியில் படிந்து விடிகாலையில் முகத்தில் சொட்டும். வலையை மூடி, மேல் திறப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

சாப்பாடு

முதல் தடவை அடுப்பும் வேண்டாம், தீயும் வேண்டாம். மாஞ்சருகில் ஒரு பொறி விழுந்தால் ஒருவரின் வருஷ வருமானம் போகும். ராத்திரிக்குப் புளிசாதம், சாதத்தைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறிய பிறகே கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கெட்டுவிடும். காலைக்கு ஆளுக்கு 75 கிராம் கெட்டி அவல், ஒரு டம்ளர் தண்ணீர், 20 நிமிடம் ஊறல், மேலே 30 கிராம் வெல்லமும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும். ராகிக் கூழ் கொண்டுபோகிறவர்கள் பாட்டிலை முக்கால்தான் நிரப்ப வேண்டும், மூடியை இறுக்கவும் கூடாது. புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளும்.

காலையில்

வெளிக்குப் போகக் கிணறு, ஏரி, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, களைக்கொத்தால் ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். குப்பை அத்தனையும், அடுத்தவர் போட்ட பாக்கெட் உட்பட, உங்கள் பையில் திரும்பட்டும். கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள், உழவு ஓட்டும்போது இடைஞ்சல். கிளம்பும்முன் தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

டென்ட் பனியில் நனைந்திருக்கும். சுருட்டியபடியே விட்டால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும், நாளடைவில் துணியின் உள்பூச்சும் உரியும். வீட்டுக்கு வந்த அன்றே நிழலில் விரித்து, மடிப்பு ஈரம்கூட இல்லாமல் காய்ந்த பிறகு தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.