எவர்சில்வர் சம்படத்தால் பால்வீதியைக் கேட்பது எப்படி, வாயை அடக்கிக்கொண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியில் வேற்றுக்கிரகவாசி அகப்பட மாட்டான். அகப்படுவது ஹைட்ரஜன். பால்வீதி முழுக்கச் சிதறிக் கிடக்கும் அந்த வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலையில், மெல்ல முனகிக்கொண்டே இருக்கிறது. அந்த எண் பிரபஞ்சத்தில் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அறிவுள்ள யாராவது இருந்தால் அவர்களுக்கும் அது தெரிந்திருக்கும், ஆகவே அங்கே காது வைக்கலாம் என்று 1959-இல் கொக்கோனி, மாரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் 26 மீட்டர் ரேடியோ தட்டை இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பிக் கேட்டார். அவர் காது வைத்த அதே இடத்தில்தான் நீங்களும் வைக்கப் போகிறீர்கள். அவரிடம் தட்டு இருந்தது, நம்மிடம் சம்படம் இருக்கிறது.

நான் கோவில்பட்டியில் 34 ஆண்டுகள் ரேடியோ, டிவி பழுது பார்த்தவன். பட்டறைக்காரன் வாய் சுத்தமாக இருக்காது. ஷாக் அடித்த நிமிடத்தில் யாரும் தேவாரம் பாடுவதில்லை. மாடியில் என்னுடன் நிற்பது எதிர்வீட்டுப் பதினோராம் வகுப்புப் பையன். கீழே திண்ணையில் அம்மா, வயது 84. இந்த மூவரையும் வைத்தே வழிமுறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையில் பாதி வாய் சம்பந்தப்பட்டது.

சம்படம் 15 சென்டிமீட்டர் விட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். இதில் பிடிவாதமாக இருங்கள். 12.4 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இந்த அலை உள்ளேயே நுழையாது. 16-ஐத் தாண்டினால் வேண்டாத வகை அலைகளும் சேர்ந்து நுழைந்துவிடும். உயரம் 28 சென்டிமீட்டராவது வேண்டும். முறுக்கு, சீடை போட்டு வைக்கும் நெட்டைச் சம்படம் சரியாக இருக்கும். அடியிலிருந்து 9.3 சென்டிமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் துளை போட்டு, அதில் கேபிள் மாட்டும் சிறு திருகு கனெக்டரை (எஸ்.எம்.ஏ.) பொருத்துங்கள். உள்பக்க ஊசியில் செம்புக் கம்பியைப் பற்றவைத்து 5.2 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். அலையின் நீளத்தில் கால் பங்கு அது. நான் முதலில் நீளத்தைக் கண்மதிப்பில் வெட்டி ஒரு வாரத்தை வீணடித்தேன். ஸ்கேல் வைத்து அளந்து வெட்டுங்கள். எவர்சில்வரில் துளை போடும்போது டிரில்லைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். வேகமாக ஓட்டினால் பிட் கருகிவிடும். துளை போட்ட பிறகு வீட்டாரிடம் சொல்வதா, முன்னே சொல்வதா என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. நான் பிறகு சொன்னேன்.

சம்படத்தின் வாயில் ஒரு கூம்பு வேண்டும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை எட்டுப் பட்டையாக வெட்டி ஒட்டி, உள்ளே அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். விரிந்த வாய் 70 சென்டிமீட்டர் இருந்தால் போதும். தாள் சம்படத்தின் விளிம்பை உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும், இடையில் பசை நிற்கக் கூடாது. நாங்கள் இதை ஆடி மாதத்தில் செய்தோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது அட்டைக் கூம்பு எம்மாத்திரம்? மூன்று கயிறு கட்டித் தண்ணீர்த் தொட்டியோடு பிணைத்தோம்.

மீதி மின்னணுச் சாமான். 1420-க்கென்றே வடிகட்டியோடு வரும் சிறு ஆம்ப்ளிஃபையரை சம்படத்தை ஒட்டியே மாட்டுங்கள். இடையில் கேபிள் வைத்தால் கேபிளின் இரைச்சலைத்தான் பெரிதாக்கிக் கேட்பீர்கள். பிறகு, டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்டு இப்போது எல்லா அலைவரிசைக்கும் பயன்படுகிற ஆர்.டி.எல். டாங்கிள் (கணினியில் செருகும் சிறு ரேடியோ), ஒரு மடிக்கணினி. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். மடிக்கணினி நீங்கலாகச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். மென்பொருள் இலவசம்.

சரிபார்க்க, கூம்பைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துங்கள். தரை வெதுவெதுப்பானது, வானம் குளிர்ந்தது. தரையைப் பார்த்தால் திரையில் சமிக்ஞையின் வலுவைக் காட்டும் கோடு மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் பற்றவைப்பில் கோளாறு. ஏறினால், பால்வீதி இல்லாத பக்கம் திருப்பி ஐந்து நிமிடச் சராசரி எடுத்து வையுங்கள். அதன் பிறகு பால்வீதிப் பக்கம் ஐந்து நிமிடம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஹைட்ரஜன் ஒரு மேடாக எழுந்து நிற்கும். ஊசிபோல் நிற்காது, நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கரடுபோல் பரந்திருக்கும். வாயு நம்மை நோக்கியும் விலகியும் ஓடுவதால் வருகிற அகலம் அது. ஊசிபோல் ஒன்று நின்றால் இயற்கை அல்ல, யாரோ செய்தது. அந்த யாரோ அநேகமாக உங்கள் தெருவில்தான் இருப்பார்.

எங்களுக்கும் வந்தது. தினமும் இரவு ஏழரைக்குத் திரையின் மொத்தக் கோடும் இரண்டு படி எழும்பும், ஒன்பதரைக்கு இறங்கும். பையன் இரண்டு வாரம் வரைபடம் போட்டான். யாரிடம் முதலில் அறிவிப்பது என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டான். நான் அவனைப் பழைய ஏடுகளைப் புரட்டச் சொன்னேன். வானத்துப் பொருள் ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தி வரும். 1930-களில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர் தன் ஆன்டெனாவில் கேட்ட இரைச்சல் பால்வீதியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்ததே இந்த நான்கு நிமிடத்தை வைத்துத்தான். பதினைந்து நாளில் ஒரு மணி நேரம் முந்தியிருக்க வேண்டும். எங்கள் சமிக்ஞை கடிகாரம் மாதிரி ஏழரையிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. வானம் தினம் நான்கு நிமிடம் முந்தும், சீரியல் முந்தாது.

அடுத்த வீட்டு டி.டி.எச். கேபிள். தட்டிலிருந்து பெட்டிக்கு வரும் அந்த வயரில் ஏறத்தாழ 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, நம்முடைய 1420 அதன் நடுவில். எலி கடித்து மேல் வலை பிய்ந்த இடத்தில் அது கசிந்துகொண்டிருந்தது. 1400 முதல் 1427 வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்பது சர்வதேச விதி. எலிக்குத் தெரியுமா?

பிய்ந்த இடத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பையன் ஒரு வார்த்தை சொன்னான். எழுத முடியாத வார்த்தை, யாரோ ஒருவருடைய தாயைப் பற்றியது. அம்மா கீழேயிருந்து கேட்டுவிட்டார்கள். நாள் முழுக்கக் காக்கையை "நாசமாய்ப் போக" என்றும், பால்காரனை "கரிமுடிவான்" என்றும், என்னை "சவத்து மூதி" என்றும் சொல்கிற அம்மா, காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர்களுடைய வசவெல்லாம் சாவும் சுடுகாடும், பையனுடையதெல்லாம் உடம்பு. ஒருவருக்கு மற்றவருடையது ஆபாசம். "ஆச்சி என்னைச் சாகச் சொல்வது மட்டும் சரியா, அண்ணாச்சி?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே மாடிக்கு ஒரு சட்டம் போட்டேன். பொருளைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. தாய், சாதி, உடற்குறை மூன்றும் நுழையக் கூடாது. என் பட்டறையில் அவை நுழைந்து மனிதர்கள் அடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மீறினால் ஐந்து ரூபாய், ஈயக் கம்பி வாங்கும் டப்பாவில். திட்டியதும் குறிப்பேட்டை எடுத்து நேரம், திசை, காரணம் எழுத வேண்டும். வசவு வருகிற இடமெல்லாம் ஏதோ ஒரு கோளாறு தெரிந்த இடம், அதனால் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது.

பெரிய ஆட்களும் இதற்கு விலக்கில்லை. 1967-இல் ஒழுங்காகத் துடிக்கும் சமிக்ஞையைக் கண்ட ஜோஸ்லின் பெல், வேற்றுக்கிரகப் பச்சை மனிதர்கள் என் ஆராய்ச்சிப் படிப்பின் நடுவில் என் ஆன்டெனாவைத்தானா பிடிக்க வேண்டும் என்று எரிச்சல்பட்டதாகப் பின்னாளில் சொன்னார். கண்டது பல்சார், வேகமாகச் சுழலும் செத்த நட்சத்திரம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் பல ஆண்டுகள் குழப்பிய துடிப்புகள், மைக்ரோவேவ் அடுப்பு நிற்கும் முன்பே யாரோ கதவைத் திறந்ததால் வந்தவை என்று 2015-இல் தெரிந்தது. அன்று அங்கே என்ன வார்த்தை விழுந்திருக்கும் என்று எனக்கு ஆசை. 1969 மே மாதத்தில், நிலவுக்கு மேலே 15 கிலோமீட்டரில் அப்போலோ 10 கலம் தாறுமாறாகச் சுழன்றபோது விண்வெளி வீரர் யூஜின் செர்னன் வாய்விட்டுத் திட்டியதை உலகமே கேட்டது; புகார் எழுந்தது, மன்னிப்புக் கேட்டார். உயிர் போகிற நேரத்தில் இலக்கணம் பார்த்தவர்களை என்ன சொல்ல! 1977 ஆகஸ்டில் ஓஹையோவின் பிக் இயர் தொலைநோக்கியில் 72 விநாடி வந்த வலுவான சமிக்ஞையைக் காகிதத்தில் கண்ட ஜெரி ஈமன், சிவப்பு மையில் சுழித்து எழுதியது "வாவ்!" மட்டும். எங்கள் டப்பாவில் அவர் ஐந்து பைசா போட வேண்டியதில்லை.

கேபிளை மாற்ற அடுத்த வீட்டம்மாவிடம் கேட்கும்போது வேற்றுக்கிரகம் பற்றிப் பேசாதீர்கள். "உங்கள் படம் அடிக்கடி புள்ளிபுள்ளியாகப் போகிறதா அக்கா?" என்று ஆரம்பியுங்கள். அரை மணியில் புது வயர் மாட்டிக் கொடுத்தேன். ஒரு டம்ளர் மோர் கிடைத்தது.

அதன் பிறகு தெற்கே, விருச்சிகத்தின் வாலுக்கும் தனுசுக்கும் இடையே, பாதி உயரத்துக்குச் சற்று மேலே கூம்பைத் திருப்பினோம். ஆடி நடுவில் இரவு ஒன்பதரை வாக்கில் அது நேர் தெற்கில் வரும். பையன் குறிப்பேட்டில் எழுதியது அப்படியே: "9.40. மேடு தெரிகிறது. 9.55. இன்னும் இருக்கிறது. அடுத்த வீட்டில் டிவி ஓடுகிறது, கோடு ஏறவில்லை. ஆச்சி சம்படத்தைக் கேட்கிறார்கள்."