சாத்திய கதவும் பூட்டிய கதவும்: ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நம் ஊரில் கதவைச் சாத்துவது வேறு, பூட்டுவது வேறு. சாத்திய கதவைத் தள்ளினால் திறக்கும். பூட்ட வேண்டுமென்றால் நாதாங்கியை இழுத்து, பூட்டைக் கோத்து, சாவியைத் திருப்பியாக வேண்டும். பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்று, 2019-இல் அதற்காகவே புவிசார் குறியீடும் வாங்கிய திண்டுக்கல்லில் நான் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தெருவில் சிறுவர்களுக்குக்கூடப் பூட்டின் உள்ளமைப்பு தெரியும். ஆனாலும் ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் மாதமே ஒரு கதவு எங்களைக் குளிரில் நிறுத்தி, என் சம்பளத்தில் கணிசமான பகுதியையும் கொண்டுபோனது. அந்தக் கதவைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

வீடு கிடைத்ததும் செய்ய வேண்டிய அலுவல் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு உரிமையாளரிடம் குடியிருப்புச் சான்று வாங்கி, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வீட்டை ஒப்படைக்கும் நாளில் எழுதப்படும் பத்திரத்தில் உங்களிடம் தரப்பட்ட சாவிகள் எத்தனை, அவற்றில் வாசலுக்கு எது, நிலவறைக்கு எது, தபால் பெட்டிக்கு எது என்பதை எண்ணி எழுதச் செய்து, ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அதே எண்ணிக்கையைத் திருப்பிக் கேட்பார்கள்.

இனி கதவுக்கு வருகிறேன். இங்குள்ள அடுக்குமாடி வீட்டுக் கதவுகளில் உட்புறம் கைப்பிடி இருக்கும். வெளிப்புறம் திரும்பாத ஒரு குமிழ் மட்டுமே இருக்கும். கதவு சாத்தப்பட்டதும் அதன் விளிம்பில் இருக்கும் சரிவான நாக்கு தானாகச் சட்டத்துக்குள் விழுந்துவிடும். அதன்பின் வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்க முடியாது. காற்று அடித்துச் சாத்தினாலும் அப்படித்தான்.

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டோர்ட்முண்டில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து நான் குப்பைப் பையோடு படியிறங்கினேன். பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு என் மனைவியும் பின்னால் வந்தாள். சமையலறைச் சன்னல் திறந்திருந்ததால் காற்று இழுத்துக் கதவைச் சாத்திவிட்டது. வீட்டுச் செருப்பும் மெல்லிய சட்டையுமாக நாங்கள் படிக்கட்டில் நின்றோம். கைப்பேசி மட்டும் என் சட்டைப்பையில் இருந்தது. சாவி உள்ளே, கதவின் உட்புறத் துளையிலேயே செருகியிருந்தது.

பதற்றத்தில் தேடல் பொறியில் முதலில் வந்த எண்ணை அழைத்தேன். உள்ளூர்த் தொலைபேசிக் குறியீட்டோடு அந்த எண் இருந்ததால் பக்கத்துக் கடை என்றே நம்பினேன். உண்மையில் அது எங்கோ இருந்த அழைப்பு மையம். விலை கேட்டபோது, ஆள் வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவர், கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது பாதுகாப்புப் பூட்டு, துளையிடாமல் திறக்காது என்று சொல்லித் துரப்பணக் கருவியை எடுத்தார். பூட்டில் சாவி நுழையும் பகுதியான உருளையைத் துளைத்தெடுத்துப் புதியது ஒன்றைப் பொருத்தினார். பிறகு, வந்த செலவு, ஞாயிறு மிகைக் கட்டணம், துளையிட்ட கூலி, உருளையின் விலை என்று அடுக்கி 589 யூரோவுக்கு ரசீது எழுதினார். அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டும் வரை புதிய சாவியைக் கையில் தரவில்லை. நடுங்கிக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்துவிட்டுக் கட்டினேன். ரசீதில் இருந்த முகவரிக்குப் பிறகு நான் அனுப்பிய கடிதங்களில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

மறுநாள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஈழத்து அண்ணாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எண்பதுகளில் இங்கு வந்தவர். "தம்பி, கதவு சாத்தித்தானே கிடந்தது, பூட்டேல்லைத்தானே? எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே" என்றார். கோல் என்று அவர் சொன்னது தொலைபேசி அழைப்பை. சாவி திருப்பிப் பூட்டப்படாமல் வெறுமனே சாத்திக்கொண்ட கதவைத் தொழில் தெரிந்தவர் வளைந்த கம்பியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சில நிமிடங்களில், ஒரு கீறலும் விழாமல் திறந்துவிடுவார் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். என் கதவைத் துளைத்திருக்கவே வேண்டியதில்லை. பணம் போனதைவிட, தெரியாதவன் என்று என் முகத்தைப் பார்த்தே முடிவு செய்தார்களே என்பதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே இந்த ஒரு ஜெர்மன் வாக்கியத்தை வந்த வாரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள்: "டீ டூர் இஸ்ட் நூர் சூகெஃபாலன், நிஷ்ட் அப்கெஷ்லோஸன்." கதவு சாத்திக்கொண்டது மட்டுமே, பூட்டப்படவில்லை என்று பொருள். தொலைபேசியில் இதைச் சொன்னதும் ஃபெஸ்ட்பிரைஸ், அதாவது வந்துபோகும் செலவும் வரியும் மிகைக் கட்டணமும் சேர்ந்த முடிவான தொகை எவ்வளவு என்று கேளுங்கள். தொகை சொல்ல மறுப்பவரை வரவழைக்காதீர்கள். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் கேளுங்கள். வந்தவர் துளையிட வேண்டும் என்றால் ஏன் என்று விளக்கச் சொல்லுங்கள், விளக்கம் சரியாகப் படாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். சொன்ன தொகைக்கு மேல் கேட்டு, சாவியைத் தராமல் மிரட்டினால் 110-ஐ அழைத்துக் காவலரை வரச் சொல்வதில் தயக்கமே வேண்டாம். வெளியே மாட்டிக்கொண்டு நிற்பவரின் நெருக்கடியைப் பயன்படுத்தி அளவுமீறிப் பணம் பறிப்பது இந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியதாகலாம். வீட்டுக்கு வெளியே அகப்பட்டு நிற்பதே அத்தகைய நெருக்கடிநிலைதான் என்பதைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உள்ளே குழந்தை தனியாக இருந்தாலோ அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலோ இந்தக் கடைகளையெல்லாம் தேடாமல் உடனே 112-ஐ அழையுங்கள், தீயணைப்புப் படையினர் வந்து திறப்பார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொழிலாளி சில நிமிடங்களில் திறக்கும் கதவைத் திருடனும் அதே நேரத்தில் திறந்துவிடுவான். வெளியிலிருந்து திறக்கவில்லையே, பூட்டிக்கொண்டது என்று நினைத்து நம்மில் பலர் கதவை இழுத்துவிட்டு வேலைக்குப் போகிறோம். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, கடைக்குப் போவதானாலும், சாவியைச் செருகி அது திரும்பும் வரை திருப்புங்கள், பெரும்பாலான பூட்டுகளில் அது இரண்டு சுற்று. வெறுமனே சாத்திய கதவு வழியாகத் திருட்டு நடந்தால் வீட்டுப் பொருள் காப்பீட்டு நிறுவனம் கவனக்குறைவு என்று இழப்பீட்டைக் குறைக்க இடமுண்டு. சன்னலும் அப்படியே. நம் வீடுகளில் சன்னலுக்குக் கம்பி இருப்பதால் திறந்து போட்டுவிட்டு வெளியே போய்ப் பழகியிருக்கிறோம். இங்கே கம்பி கிடையாது. மேற்பகுதியை மட்டும் சாய்த்து வைத்த சன்னல் திறந்த சன்னலுக்குச் சமம் என்று இங்குள்ள காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது.

உட்புறத் துளையில் சாவியைச் செருகிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். பல உருளைகளில் உள்ளே சாவி இருந்தால் வெளியிலிருந்து மற்றொரு சாவி வேலை செய்யாது. எங்கள் கதவும் அந்த வகைதான். ஒருவரை உள்ளே நிறுத்தி, அவர் சாவியைச் செருகியிருக்கும்போது நீங்கள் வெளியிலிருந்து திறந்து பாருங்கள், உங்கள் கதவு எந்த வகை என்று தெரிந்துவிடும். இரவில் அவசரத்துக்குக் கைக்கு எட்டும்படி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கி அடித்து அங்கே மாட்டுங்கள்.

முன்பு குடியிருந்தவரிடம் மாற்றுச் சாவி இருக்குமோ என்ற கவலை இருந்தால், உங்கள் கதவின் உருளையை நீங்களே மாற்றலாம். கதவின் விளிம்பில் உள்ள நீண்ட திருகாணி ஒன்றைக் கழற்றிவிட்டு, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் அது கையோடு வந்துவிடும். அந்தத் திருகாணித் துளையின் நடுவிலிருந்து இருபுறமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உருளை வெளித்தகட்டைவிட 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் அதைப் பிடித்து உடைப்பது எளிது. பழைய உருளையை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, காலி செய்யும்போது மீண்டும் பொருத்திக் கொடுங்கள்.

ஒரே சாவி கட்டடத்தின் பொது வாசலையும் உங்கள் வீட்டையும் திறக்கிறது என்றால் அது ஷ்லீஸ்ஆன்லாகே எனப்படும் கூட்டுப் பூட்டு அமைப்பு. அதில் கை வைக்கும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள். அந்தச் சாவி தொலைந்தால் கட்டடம் முழுவதற்கும் பூட்டு மாற்றும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். உரிமையாளர் உண்மையிலேயே பூட்டுகளை மாற்றினால்தான் அந்தச் செலவைக் கேட்க முடியும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெறும் மதிப்பீட்டுத் தாளைக் காட்டிக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது, வாடகை வீட்டுச் சாவி தொலைவது அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே கையெழுத்திடுங்கள்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் எதிர்வீட்டு அத்தையிடம் ஒன்று இருக்கும். இங்கு வந்ததும் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது, யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது என்று நானே ஒரு கூச்சத்தை வளர்த்துக்கொண்டு, மாற்றுச் சாவியை அலமாரிக்குள் வைத்திருந்தேன். நடந்து போய் வாங்கக்கூடிய தூரத்தில் நம்பிக்கையான ஒருவரைத் தேடி, முதல் வாரத்திலேயே ஒரு சாவியைக் கொடுத்துவிடுங்கள். எங்களுடையது இப்போது அந்த அண்ணா வீட்டுச் சாமி அறையில் தொங்குகிறது. அவர்கள் வீட்டுச் சாவி எங்கள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.