செட்டிநாட்டில் குடோன் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பலகாரக் குடோன். சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. ஷட்டரைத் தூக்கியதும் அனல் முகத்தில் அடித்தது. அடுத்து எண்ணெய்ச் சிக்கு வாடை. தேன்குழலும் மணகோலமும் டின் டின்னாக அடுக்கியிருந்தார்கள். உரிமையாளர் மேலே கையைக் காட்டி, "ஆறு டர்போ ஃபேன் போட்டிருக்கேன் தம்பி, சுத்திக்கிட்டேதான் இருக்கு. சூடு மட்டும் இறங்க மாட்டேங்குது" என்றார்.

கூரை மேல் காற்றிலேயே சுழன்று உள்சூட்டை வெளியேற்றும் அந்த ஃபேன்கள் சுற்றத்தான் செய்தன. ஆனால் நான்கு சுவரிலும் காற்று நுழைய ஓர் ஓட்டை கிடையாது. ஷட்டரையும் மூடிவிட்டால் அது ஒரு பெரிய டின். முகட்டில் சேரும் சூடான காற்று வெளியேற வேண்டுமானால், அதே அளவு காற்று கீழிருந்து உள்ளே வர வேண்டும். சுவரின் அடியில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள், மேலே உள்ள திறப்புக்குக் குறையாத பரப்பில் லூவர் (சாய்வான பட்டிகள் வைத்த காற்றுத் திறப்பு) வைக்க வேண்டும். ஆடிக் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்துதான் வீசும் என்பதால் அந்தப் பக்கம் கூடுதலாக வைக்கலாம். எலியும் பாம்பும் வரும் என்று அடைத்துவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான், நெருக்கமான கம்பிவலை அடித்தால் போதும். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அதற்கேற்பத் திறப்பைப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய பூர்வீக வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. நடுவில் திறந்த வளவு, மேலே போகும் சூட்டுக்கு வழி. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாகக் கிழக்கு மேற்காக நீண்ட வீடு. காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான பக்கத்தில்தான் படும். குடோனுக்கு வரும்போது மட்டும் இது மறந்துபோகிறது. ரோடு வடக்கு தெற்காக ஓடினால், ஷெட்டின் நீளமான சுவரை அப்படியே ரோட்டைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். மேற்கு வெயில் முழுவதும் சரக்கின் மேல். மனையைத் திருப்ப முடியாதுதான். ஆபீஸ் அறை, கழிப்பறை, லாரி நிற்கும் தாழ்வாரம் ஆகியவற்றை மேற்குப் பக்கம் தள்ளலாமே.

கூரை நிறத்தில் அடர் நீலத்துக்கும் செங்கல் சிவப்புக்கும் ஏன் இத்தனை மோகமோ! ஒற்றை மாடிக் கட்டடத்தில் வெயில் வாங்குவது பெரும்பாலும் கூரைதான். வெள்ளை ஷீட் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வெள்ளித்தாள் ஒட்டிய காப்பு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பளபளப்பு வேலை செய்ய எதிரே காற்று இடைவெளி தேவை. இரண்டு தகரத்துக்கு நடுவே நெருக்கி வைத்தால் காசுதான் வீண்.

அப்புறம் வெளிச்சம். "மின்சாரம் மிச்சம்" என்று கூரையில் பாதிக்கு, வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டான பாலிகார்பனேட் போட்ட ஷெட்டைப் பார்த்திருக்கிறேன். லோடுமேன்கள் உள்ளே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். சரக்கு வைக்கும் இடத்துக்குக் கூரைப் பரப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு தாராளம். வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால் வெயிலே வராது என்பதும் குளிர்நாட்டுப் புத்தகத்திலிருந்து வந்த பாடம். காரைக்குடி இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில். சித்திரை தொடங்கியதும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, ஆவணி வரை வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் ஒரு சன்ஷேட் வேண்டும்.

மழைக் கணக்கைப் பலரும் போடுவதே இல்லை. 10,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,000 லிட்டர். ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால் 45,000 லிட்டர். வீட்டுக்குப் போடுகிற குழாயை நாலு மூலையில் இறக்கினால் என்ன ஆகும்? இரண்டு ஷெட் சேரும் இடத்தில் உள்ள கால்வாய் நிரம்பித் தண்ணீர் மூட்டை மேல் இறங்கும்.

அந்தத் தண்ணீர் போகும் இடமும் முக்கியம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. அதற்கும் மிக முந்தி இந்த ஊர்களில் மழைத்தண்ணீரை ஊருணிக்கு அனுப்ப வரத்துக்கால் வெட்டியிருந்தார்கள். இப்போது மனையில் நாலடி கிராவல் அடித்து, சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பும்போது வரத்துக்கால் மண்ணுக்குள் போய்விடுகிறது. ஊருணி காய்கிறது, பக்கத்து மனையில் தண்ணீர் தேங்குகிறது. மண் அடிப்பதற்கு முன்னால் ஒரு மழை நாளில் மனையில் போய் நின்று, தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். சுவருக்கு அடியில் குழாயோ சிறு பாலமோ விடப் பெரிய செலவில்லை. ஆனால் ஊருணிக்குக் கூரைத் தண்ணீரை மட்டும் விடுங்கள். லாரி நிற்கும் முற்றத்துத் தண்ணீரில் டீசலும் கிரீஸும் கலந்திருக்கும். அது தனித் தொட்டியில் எண்ணெய் பிரிந்த பிறகே வெளியே போக வேண்டும்.

ஷெட்டின் முன்னால் சிமெண்டில் பொய்த் தூண் வைத்து "செட்டிநாடு லுக்" என்பவர்களைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

சோலார் பற்றி ஒன்று. பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோ வரை வரும், காற்று தூக்கும் விசை தனி. ஷெட் இரும்பை ஆர்டர் செய்யும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்; எடை கணக்குப் பார்த்து மெலிதாக அடித்த பர்லினில் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்கு இரும்பு) பிறகு பேனல் ஏற்ற முடியாது. நம் பலகாரக்காரர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். கீழே லூவர் வெட்டியதில் ஒரு நாள் வேலையோடு சூடு கொஞ்சம் இறங்கியது. பேனலுக்கு மட்டும் பக்கத்தில் தனியாகக் கால் ஊன்றி ஒரு பந்தல் போட வேண்டியதாயிற்று. லாரிகள் இப்போது அதன் நிழலில் நிற்கின்றன.