பெங்களூருக்குக் குடிவருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குறிப்பாக அந்த லீஸ் வீடு

கல்லூரி முடித்து வேலையில் சேர வரும் பிள்ளைகளுக்கும், சென்னை, கோவை அலுவலகங்களிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்களுக்கும் வீடு, பள்ளி, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் உதவுவது எங்கள் நிறுவனத்தில் என் பொறுப்பு. அவர்கள் செய்யும் தவறுகளில் புதியது என்று எதையும் நான் பார்த்ததில்லை. என் தலைமுறையினர் இங்கு வந்த புதிதில் செய்தவற்றையே, தொகையில் மட்டும் ஒரு சுழியத்தைக் கூட்டி, அப்படியே திரும்பச் செய்கிறார்கள். ஆட்டோவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது, ஸ்வெட்டர் எடுத்து வராமல் நடுங்குவது போன்ற சில்லறை விஷயங்களை எழுதப் போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தாமாகவே சரியாகிவிடும்.

இந்த ஊர் ஆட்களை இழுப்பதற்கான காரணங்கள் உண்மையானவை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயில் காலத்திலும் மாலைப் பொழுதுகள் தாங்கக்கூடியவையாக இருக்கின்றன. 1940-இல் விமானத் தொழிற்சாலை, 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1970-களின் இறுதியில் எலக்ட்ரானிக் சிட்டி என்று வேலைவாய்ப்பு இங்கே அடுக்கடுக்காக வளர்ந்திருக்கிறது; ஒரு துறை படுத்தால் இன்னொன்றில் நுழைய முடிகிறது. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அங்கேதான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பேருந்து ஏறினால் விடியும்போது மதுரையில் இருக்கலாம்.

இந்த நெருக்கம்தான் சிக்கல். டெல்லிக்கோ மும்பைக்கோ வேலைக்குப் போகிறவர் பத்து பேரிடம் விசாரித்து, பெட்டியைப் பூட்டி, காகிதத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். அதே ஆள் பெங்களூருக்கு வரும்போது “நம்ம ஊர் மாதிரிதானே” என்று எல்லாவற்றையும் தளர விட்டுவிடுகிறார்.

அலுவலகம் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் வீடு பிடிப்பது

வேலைக் கடிதத்தில் பெங்களூர் என்றுதான் போட்டிருக்கும். சித்தப்பா யஷ்வந்தபுரத்தில் இருக்கிறார் என்பதற்காக அங்கே வீடு பார்த்து, முன்பணமும் கொடுத்த பிறகு, அலுவலகம் ஒயிட்ஃபீல்டில் இருப்பது தெரிய வரும். மெட்ரோ இப்போது எவ்வளவோ உதவுகிறது: ஊதாப் பாதை 2023 அக்டோபரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை முழுமையாக ஓடுகிறது; 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை ஆர்.வி. சாலையிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை செல்கிறது. ஆனால் எங்கேயாவது மெட்ரோ தூண் நிற்பதைப் பார்த்து வீடு பிடிக்காதீர்கள். ரயில் ஓடுவதைப் பார்த்துப் பிடியுங்கள். முதல் ஒன்றிரண்டு மாதம் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஏதேனும் பிஜி விடுதியில் தங்கிக்கொண்டு, பார்த்து வைத்த வீட்டிலிருந்து ஒரு வேலை நாளில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி அலுவலகம் போய், மாலை ஆறரைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாத் தூரமும் இருபது நிமிடம்தான்.

தண்ணீரைப் பற்றி ஓனரிடம் மட்டும் கேட்பது

காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு இந்த நகரத்துக்கு வருகிறது. 2024 கோடையில் ஆழ்குழாய்கள் வற்றி, பெரிய பெரிய அடுக்குமாடிகளே டேங்கருக்காகக் காத்துக் கிடந்தன. நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது உண்மைதான். ஆனால் திட்டம் தொடங்குவது வேறு, நீங்கள் பார்க்கும் வீட்டின் குழாயில் தண்ணீர் வருவது வேறு. நவம்பரில் வீடு பார்க்கிறவருக்கு ஏப்ரல் மாதம் கண்ணில் படாது. காவிரி இணைப்பா, போரா, டேங்கரா, டேங்கர் பணம் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்பதைக் காவலாளியிடமும் பக்கத்து வீட்டில் துணி காயப் போடும் அம்மாவிடமும் கேளுங்கள். அவர்களுக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை.

லீஸ் வீடு

இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அப்படியும் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது, பணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகு ஒப்பந்தத்தை என் மேசையில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

ஊரில் ஒத்தி என்று நாம் அறிந்த ஏற்பாடுதான் இது. மாத வாடகை கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்க வேண்டும், காலம் முடிந்ததும் தொகை வட்டியில்லாமல் அப்படியே திரும்பி வரும். மாதம் 25,000 ரூபாய் வாடகை போகும் வீட்டை 15 லட்சத்துக்கு லீஸாகத் தருகிறேன் என்பார்கள். இதைக் கேட்டதும் குடிவருபவரின் மனக்கணக்கு வேகமாக ஓடும்: ஆண்டுக்கு 3 லட்சம் வாடகை மிச்சம், அந்த 15 லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் 1,05,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும், ஆக ஏறக்குறைய 2 லட்சம் லாபம்.

இதே கணக்கை ஓனரின் பக்கம் நின்று போட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். 15 லட்சத்தைக் கைமாற்றாக வாங்குவதற்காக அவர் ஆண்டுக்கு 3 லட்சம் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அதாவது 20 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். பெங்களூரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவருக்கு, அந்த வீட்டின் பேரில் அதில் பாதி வட்டிக்கு வங்கியே கடன் கொடுக்கும். அதை விட்டுவிட்டு உங்களிடம் 20 சதவீதத்துக்கு அவர் ஏன் வர வேண்டும்? வங்கியில் ஏற்கெனவே வாங்க வேண்டியதை வாங்கிவிட்டார், இனி அங்கே பெயராது என்பதுதான் பல நேரங்களில் விடை. லீஸ் தொகை எவ்வளவு மலிவாகத் தெரிகிறதோ அந்த அளவுக்கு ஓனரின் கழுத்தில் கயிறு இறுகியிருக்கிறது என்று பொருள்.

அந்த வங்கிக் கடனுக்கு அவர் தவணை கட்டாமல் போனால் என்ன நடக்கும் என்பதைக் குடியிருப்பவர் அறிந்துகொள்வதே கடைசியில்தான். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி முதலில் 60 நாள் கெடு வைத்துக் கடன் வாங்கியவருக்கு அறிவிப்பு அனுப்பும். குடியிருப்பவருக்கு அந்தக் கடிதம் வராது. வீட்டை வங்கி சுவாதீனம் எடுக்கும் கட்டத்தில்தான் வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டப்படும். இரண்டு செய்தித்தாள்களிலும் அது வெளியாகும், அவற்றில் ஒன்று கன்னடத்தில் இருக்கும். கன்னடம் படிக்கத் தெரியாத நம் ஆள் கதவில் ஒட்டிய தாளைத் தன் கைப்பேசியில் படம் எடுத்து, இது என்னவென்று எனக்கு அனுப்புவார். பதிவு செய்யாத ஒரு தாளை வைத்துக்கொண்டு வங்கியோடு அவர் வாதாடும் வழி மிகவும் குறுகலானது. அடமானத்தில் இருக்கும் கட்டடத்தை, அதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஓனர் எப்படி வாடகைக்கு விடலாம் என்பதற்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 65-ஏ பிரிவில் வரம்பு கட்டியிருக்கிறது: நியாயமான வாடகை வாங்க வேண்டும், வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது, காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. வாடகையே இல்லாத லீஸ் இதில் எங்கே பொருந்தும்?

இரண்டாவது வகை இன்னும் மோசம். இங்கே ஓனர் நல்லவர்தான். நடுவில் ஒரு நிறுவனம் நுழைகிறது. ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, உங்களிடம் மொத்தத் தொகையை வாங்கி, அதிலிருந்தே ஓனருக்குச் சில மாதம் வாடகை கட்டும். புதிதாக லீஸுக்கு வருகிறவர்களின் பணம் வந்துகொண்டிருக்கும் வரை சக்கரம் சுற்றும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி, நகையை அடகு வைத்ததுடன் தனிநபர் கடனும் வாங்கி, ஹொரமாவுப் பக்கம் இப்படி ஒரு வீட்டில் குடியேறினார்கள். தாளை என்னிடம் காட்டியபோது, உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த நிறுவனத்தின் முத்திரை இருந்தது. ஓனரின் பெயர் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியில், கையெழுத்து இல்லாமல் வந்து போனது.

“தம்பி, ஓனரைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன்.

“அவர் வெளிநாட்டில் இருக்கிறாராம் அண்ணா. ஆனால் இவர்கள் ஆபீஸ் ரொம்பப் பெரியது, முழுக்கக் கண்ணாடி போட்டது” என்றார்.

சில மாதங்கள் கழித்து ஓனர் நேரிலேயே வந்து கதவைத் தட்டினார். அவர் வெளிநாட்டுக்குப் போனவரே இல்லை. அவருக்கு மூன்று மாத வாடகை வரவில்லை, 15 லட்சம் என்ற பேச்சையே அவர் அன்றைக்குத்தான் கேட்கிறார். கண்ணாடி ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள், வழக்கும் பதிவானது, பணம் வரவில்லை. தனிநபர் கடனின் தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மோசடிக்காரர்கள் மீதுள்ள கோபத்தைவிட எனக்கு எரிச்சலூட்டுவது, இதற்குப் பிறகும் அடுத்து வருகிறவர் சொல்லும் பதில்தான்: “எங்கள் மாமா ஊரில் பதினைந்து வருடமாக ஒத்தி வீட்டில்தான் இருக்கிறார், ஒன்றும் ஆகவில்லையே.” மாமாவுக்கு வீட்டுக்காரரின் அப்பாவையும் தெரியும், அவர் கடன் வாங்கிய இடமும் தெரியும், தெருவே சாட்சி. இங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி ஒரு தாள். அந்தத் தாளையும் பெரும்பாலும் பதிவு செய்வதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க 11 மாதம் என்று எழுதிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்று புரோக்கர் சொல்வார். மிச்சமாகும் சில ஆயிரங்களுக்காக 15 லட்சத்தை வெறும் நம்பிக்கைக் கடனாக மாற்றுகிறீர்கள்.

அப்படியும் லீஸ்தான் வேண்டும் என்பவருக்கு என் நிபந்தனைகள் இவை. அசல் கிரயப் பத்திரத்தை ஓனரே எடுத்துக் காட்ட வேண்டும். நகலை மட்டும் நீட்டினால் அசல் வங்கியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கும் கடன், பதிவு செய்யப்படாமல் இருந்தால், அந்தச் சான்றிதழில் தெரியாது. அதற்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். ஒப்பந்தம் ஓனரின் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். இந்த நான்கையும் ஒப்புக்கொண்ட ஓனர்கள் இருக்கிறார்கள், குறைவாக. இவற்றைக் கேட்டதும் “நம்பிக்கை இல்லையென்றால் வேறு வீடு பாருங்கள்” என்று சொன்னவர்கள்தான் அதிகம். அவர்கள் சொன்னபடியே செய்துவிடுங்கள்.

முன்பணம்

பத்து மாத வாடகை கேட்பது இங்கே பழைய வழக்கம். இப்போது பேசினால் குறைகிறது, ஆகவே பேசுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சண்டை போடுவதில் பயனில்லை. குடிவரும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பி வைத்துவிட்டால், பெயிண்டுக்கு மேல் பிடிக்கும் பேச்சு அடங்கும்.

பி-காத்தா மனை

காத்தா என்பது இங்கே உள்ளாட்சியின் சொத்து வரிப் பதிவு; விதிப்படி அமைந்த சொத்துக்கு ஏ, அதில் குறை உள்ளதற்கு பி. ஏ-காத்தாவாக மாற்றித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டி

12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டுவதானால் மோட்டார் வாகனச் சட்டப்படி கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று வேண்டும். கார் என்றால் வாழ்நாள் வரி கணிசமாக வரும். பழைய காராக இருந்தால் ஊரிலேயே விற்றுவிட்டு வருவது பெரும்பாலும் லாபம்.

தீபாவளிக்குப் போவது

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அன்று காலையே எடுங்கள்.

கன்னடம் தேவையில்லை என்று நினைப்பது

அல்சூரில் தேவையில்லைதான். மின்வாரிய அலுவலகத்தில், பதிவு அலுவலகத்தில், காவல் நிலையத்தில் தேவை. தமிழ் தெரிந்தவருக்கு ஆறு மாதத்தில் பேச வந்துவிடும் மொழி இது. எழுத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டால் வாசற்கதவில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதாவது தெரியும். எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று முடிவு கட்டிக்கொண்டு எடுத்த எடுப்பில் தமிழில் பேசாதீர்கள். தெரிந்தவராகவே இருந்தாலும், முதல் வாக்கியம் கன்னடத்தில் வந்தால் அடுத்ததை அவரே தமிழில் தொடங்குவார்.

பிள்ளையின் படிப்பு எந்த மாநிலக் கணக்கில் சேரும் என்று பார்க்காமல் இருப்பது

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு வழியாகத் தொழிற்கல்வி இடம் பெறுவதற்கான பொதுவான தகுதி, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை குறைந்தது 7 கல்வியாண்டுகளாவது இந்த மாநிலத்தில் படித்திருப்பது. ஒன்பதாம் வகுப்பில் வந்த பிள்ளைக்கு நான்கு ஆண்டுதான் ஆகும். அந்தப் பிள்ளை தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குத் திரும்பிப் போனால் அங்கே பிறப்பிடச் சான்று கேட்பார்கள். எனவே ஊரை விட்டுக் கிளம்பும்போதே பழைய பள்ளியிலிருந்து எந்த ஆண்டு எந்த வகுப்பு என்று குறிப்பிட்ட படிப்புச் சான்றையும், வட்டாட்சியர் அலுவலகத்தில் பிறப்பிடச் சான்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஊரில் வீடும் குடும்ப அட்டையும் இருக்கும்போது அது எளிதாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் பெங்களூர் முகவரிக்கு மாற்றிய பிறகு கேட்டால் தாத்தாவை அழைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.