இங்கிலாந்துக்கு ஃபைலோடு வரும் பெண்களுக்கு: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகு கணவரோடு லண்டனுக்குக் கிளம்பும் பெண்களின் பெட்டியில் இட்லிப் பொடியோடு ஒரு ஃபைலும் வருகிறது. குழந்தைக்காக ஊரில் பார்த்த வைத்தியத்தின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். நானும் மதுரையிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்தேன். அதனால் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியவை. வந்த வாரமே பக்கத்து ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்றோ விசாவோ காட்டினால்தான் பதிவு என்று ரிசப்ஷனில் சொன்னால், அது கட்டாயமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். நம் ஊரைப் போல டோக்கன் போட்டு நேராகப் பெரிய லேடி டாக்டரைப் பார்க்க முடியாது. ஜிபி எழுதி அனுப்ப வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் நீங்களே மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் செவிலியர்) பிரிவில் பதிவு செய்யலாம். பத்து வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடந்துவிடுவது நல்லது. விசாவோடு மருத்துவக் கட்டணமாக வருஷத்துக்கு 1,035 பவுண்டு கட்டுகிறோமே, அதில் பிரசவம் அடங்கும். ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் ட்யூப் குழந்தை சிகிச்சை, அடங்காது. 2017 ஆகஸ்டிலிருந்து இங்கே அதுதான் விதி. நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும்வரை சொந்தக் காசில்தான் செய்துகொள்ள வேண்டும். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

அதனால் தனியார் கிளினிக் ஒன்றில் விண்ணப்பித்தேன். ஆன்லைன் படிவத்தில் ‘ஏஎம்எச்’ என்று ஒரு கட்டம். சினைப்பையில் கருமுட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஹார்மோன் அது. ஃபைலிலிருந்து ரிப்போர்ட்டைப் போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். 2.1 என்று போட்டிருந்தது, அப்படியே நிரப்பினேன். வலது ஓரம் போட்டோவில் வெட்டுப்பட்டிருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

போனில் பேசிய டாக்டர் மிக மென்மையாகத்தான் பேசினார். இருப்பு மிகக் குறைவு, உங்கள் சொந்த முட்டையில் வாய்ப்பு கம்மி, தானமாகப் பெறும் முட்டையைப் பற்றியும் யோசியுங்கள் என்றார். அப்போது எனக்கு வயது 31. மதுரை டாக்டரம்மா இதே 2.1ஐப் பார்த்துவிட்டு ‘நல்லா இருக்கும்மா’ என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவர் நம்மை ஏமாற்றிவிட்டாரோ என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது. ஊரில் விடிகாலை நான்கு மணி என்றும் பாராமல் அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்கேன். திரையில் கறுப்புக் கறுப்பாகத் தெரிந்த சின்னக் குமிழிகளை, முட்டை வளரும் பைகள் அவை, ஸ்கேன் செய்த பெண் மவுஸால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இரண்டு பக்கமும் சேர்த்து 14. ‘இந்த ஏஎம்எச்சுக்கு இவ்வளவு இருக்காதே, எந்த லேப்?’ என்று கேட்டார். அங்கேயே பையிலிருந்து அசல் ரிப்போர்ட்டை எடுத்தேன். போட்டோவில் விழாத அந்த ஓரத்தில் யூனிட் இருந்தது: நானோகிராம், மில்லிலிட்டருக்கு. இந்த ஊர் கணக்கோ பிகோமோல், லிட்டருக்கு. நம் ஊர் எண்ணை 7.14ஆல் பெருக்க வேண்டும். என் 2.1 இங்கே 15. ஐவிஎஃப் மருந்துக்குச் சினைப்பை எப்படி ஈடுகொடுக்கும் என்று பார்க்க 5.4க்குக் கீழே குறைவு, 25க்கு மேலே அதிகம் என்று இங்கே வைத்திருக்கிறார்கள். நான் நடுவில் இருக்கிறேன்.

அந்த ஆலோசனைக்கு 250 பவுண்டு போனது. காசு போகட்டும். யூனிட் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த மூன்று வாரம் எனக்கு வந்திருக்காது. படிவத்தில் யூனிட்டுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இப்போது என் ஃபைலில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் இந்த ஊர் கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். பெண் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரடியால் என்றால் 3.67ஆல் பெருக்கல், புரொஜெஸ்டிரோன் 3.18; விட்டமின் டி 2.5. முட்டையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்எஸ்எச், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் இரண்டும் அதே எண்தான். ஹீமோகுளோபின் ஊரில் 10.8 என்றால் இங்கே 108. சர்க்கரையில்தான் தலைகீழ் ஆபத்து. என் தோழிக்குக் கர்ப்பத்தில் வெறும் வயிற்றில் 5.8 வந்தது. ‘சுகர் ஆறுகூட இல்ல, இனிப்பு சாப்பிடு’ என்று ஊரிலிருந்து மாமியார் சொன்னார். 18ஆல் பெருக்கினால் ஊர் கணக்கில் 104! இங்கே வெறும் வயிற்றில் 5.6, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 7.8, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான். நம் பூர்வீகத்தைப் பார்த்தே 24 முதல் 28 வாரத்துக்குள் இந்தச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். தட்டிக்கழிக்காதீர்கள்.

உயரம் பற்றியும் சொல்ல வேண்டும். படிவத்தில் நான் போட்டது 5 அடி 3 அங்குலம். கல்யாண பயோடேட்டாவுக்காக அம்மா எழுதியது; பல வருஷம் எழுதி எழுதி நானே நம்பிவிட்டேன். நர்ஸ் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிறுத்தி அளந்தபோது 154 சென்டிமீட்டர். அதே 66 கிலோவுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 25.8 என்றிருந்தது 27.8 ஆகிவிட்டது. ஐவிஎஃப்புக்கு 30க்குள் இருந்தால் போதும் என்று கிளினிக்கில் விட்டுவிட்டார்கள். ஆனால் தெற்காசிய உடல்வாகுக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது, 27.5 தாண்டினால் அதிக ஆபத்து என்று ஜிபி நர்ஸ்தான் உட்காரவைத்துச் சொன்னார். கை கால் ஒல்லியாக இருந்தாலும் நமக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், எனக்கு அந்த வரம்பு 77 சென்டிமீட்டர். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். எனக்கு 88 வந்தது. இப்போது 81.

கிளம்பும் முன் போட்டோ எடுத்து வைப்பதோடு நிறுத்தாதீர்கள். லேபுக்குப் போன் செய்து ரிப்போர்ட்டை முழுப் பிடிஎஃப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது மதுரை லேபில் இருந்த அண்ணன் பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்மா’ என்று கீழே ஒரு வரியும் போட்டிருந்தார்.