ஸ்டீல் கிட்டாருக்கு எந்த ரிவெர்ப்? என் அனுபவம்

எலெக்ட்ரிக் கிட்டார், லேப் ஸ்டீல் (மடியில் கிடத்தி, கம்பிமேல் ‘பார்’ என்னும் உலோகத் துண்டைச் சறுக்கி வாசிக்கும் கிட்டார்) இரண்டையும் ஒரே ரிவெர்ப் பெடலில் (ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் கருவி), பெரிய அரங்கின் எதிரொலி தரும் ஒரே ‘ஹால்’ அமைப்பில் வாசித்துவந்தேன். எலெக்ட்ரிக்கில் குறை தெரியவில்லை. ஸ்டீலில் மட்டும் ஒவ்வொரு சறுக்கலும் சேறாகக் கலங்கியது.

காரணம் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. கம்பிமேல் பார் நகரும்போது சுருதி இடைவிடாமல் மாறுகிறது. நீண்ட ரிவெர்ப் கடந்து வந்த சுருதிகளையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. போய்ச் சேர்ந்த ஸ்வரத்தோடு அவை மோதுகின்றன.

ஹாலை விட்டு ‘பிளேட்’டுக்கு மாறினேன். 1957-இல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140 கருவி, பெரிய எஃகுத் தகட்டை அதிரவைத்துத் தந்த ஒலியின் வழி வந்தது இது. எதிரொலி அடங்க எடுக்கும் நேரமான ‘டிகே’யை 4 நொடியிலிருந்து 2-க்குக் குறைத்தேன். எதிரொலி தொடங்குமுன் விடும் இடைவெளியான ‘ப்ரீ-டிலே’யை 40 மில்லி நொடி வைத்ததும் மீட்டல் தெளிவாக முன்னால் வந்தது. ரிவெர்ப்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள கனத்த ஒலிகளைக் குறைத்ததும் கலங்கல் போயே போச்சு.

ஆனால் பெரிய வித்தியாசம் தந்தது வால்யூம் பெடல்தான். அதை ரிவெர்ப்புக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். பெடலைத் தளர்த்தினால் எதிரொலியும் சட்டென்று அறுந்துவிடும். முன்னால் மாற்றினேன். ஸ்வரம் அடங்கிய பிறகும் ஒலி மெல்லக் கரைகிறது. ஸ்டீலின் அழகே அதில்தான் இருக்கிறது!

எலெக்ட்ரிக்குக்கு, சுருள்கம்பி அதிர்வில் பிறக்கும் ‘ஸ்ப்ரிங்’ ரிவெர்ப். ஃபெண்டர் நிறுவனம் 1961-இல் தனிப்பெட்டியாகவே விற்ற அந்தத் துள்ளல் ஒலி, சின்னச் சின்ன வெட்டு மீட்டலுக்கு அவ்வளவு பொருத்தம். அளவைக் கால்வாசிக்கு மேல் ஏற்றுவதில்லை.