ஆயர் தாவாரிலிருந்து பங்கோர் தீவுக்கு: மீனை முன்வைத்து ஒரு பயணத்தைத் திட்டமிடும் முறை

தீவுப் பயணம் என்றவுடன் நம்மில் பலருடைய மனம் லங்காவிக்கும் ரெடாங்குக்கும் போய்விடுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஆயர் தாவாரிலும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கோ, சித்தியவானைக் கடந்து லூமுட் படகுத்துறையை அடைய முக்கால் மணி நேரமே அதிகம். அங்கிருந்து பார்த்தால் பங்கோர் தீவு கண்ணெதிரே நிற்கிறது. இவ்வளவு அருகில் இருப்பதாலேயே அதை மாசி மகத்துக்கு மட்டும் போய்வரும் இடமாக ஒதுக்கிவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓரிரவு தங்கி, அன்று கரைக்கு வந்த மீனை அன்றே சமைத்து உண்டு, நல்ல நெத்திலியோடு வீடு திரும்பும் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தீவு இந்த வட்டாரத்தில் இல்லை. அப்பயணத்தைத் திட்டமிடும் முறையையும், திரும்பிய பிறகு வீட்டு அடுப்பில் தொடர வேண்டிய சமையலையும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது விடுதியின் விலைப்பட்டியல் அன்று, நாட்காட்டி. கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்கு நேர் எதிரே இருப்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்குள்ள பல விடுதிகள் மூடப்பட்டிருக்கும். படகுப் போக்குவரத்தும் குறைந்துவிடும். தீபாவளி விடுமுறையையும் ஆண்டிறுதியையும் அந்தத் தீவுகளில் கழிக்க எண்ணுவது வீண். பங்கோர் மலாக்கா நீரிணையில், சுமத்ராவின் மறைவில் இருப்பதால் ஆண்டு முழுவதும் போய்வரலாம். ஆயினும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மாலை மழை வலுக்கும். ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட மாதங்களில் விடியற்காலையில் திடீரென்று வீசும் சுமத்ராக் காற்றும் உண்டு. அப்படி வீசிய நாளில் முதல் படகைப் பிடிக்க விரைவதைவிட, சற்றுப் பொறுத்து அடுத்த படகில் ஏறுவது நல்லது.

நம்முடைய நாட்காட்டியையும் இத்துடன் ஒட்டிப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் மீன் இல்லை. அந்த மாதம் மழை மாதமாகவும் இருப்பதால் தள்ளிப்போடுவதில் இழப்பு ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்கள் வீட்டில் இருந்தால், வெள்ளியன்று புறப்பட்டு முதல் நாள் மீனை வேடிக்கை பார்ப்பதில் பொருளில்லை. மாசி மகத்தன்று சுங்கை பினாங் கெச்சிலில் உள்ள பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் பெருந்திரளாக மக்கள் வருவார்கள். அன்று கோயிலுக்காகவே போக வேண்டும். மீன் பயணத்தை அதனோடு கலக்கக் கூடாது. சீனப் பெருநாளையொட்டிய நாட்களில் அறை வாடகை ஏறும். வேலையும் பள்ளியும் இடம் கொடுத்தால், ஞாயிறு பிற்பகல் கடந்து திங்கள் மாலை திரும்புவதே என் பரிந்துரை. ஞாயிறு மாலை எல்லாரும் தீவிலிருந்து வெளியேறுவதால், எதிர்த்திசையில் செல்லும் உங்களுக்குப் படகிலும் விடுதியிலும் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விளக்கொளியால் மீனைக் கூட்டி வலை வீசும் படகுகளுக்கு முழுநிலவு நாட்களில் வரத்து குறையும், ஏனெனில் நிலா வெளிச்சத்தில் விளக்கின் கவர்ச்சி எடுபடுவதில்லை. பௌர்ணமியைத் தவிர்த்து, அமாவாசையை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் சந்தையில் வகையும் மிகுந்திருக்கும், விலையும் இளகியிருக்கும். அமாவாசையன்று மீன் புழங்காத வீடுகள் அதற்கு இரண்டு நாள் தள்ளிப் புறப்படலாம்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரை லூமுட்டில் நிறுத்திவிட்டுப் போய்வரும் சீட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். படகு சுங்கை பினாங் கெச்சிலில் முதலில் நின்றால் கூட்டத்தோடு இறங்கிவிடாமல், பங்கோர் பட்டணம் வரை அமர்ந்திருங்கள். அங்கே நிற்கும் இளஞ்சிவப்பு வேன்கள்தாம் தீவின் வாடகை வண்டிகள். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். தாத்தா பாட்டியோடு வரும் குடும்பம் வேனிலேயே சுற்றுவது நல்லது. வாடகை மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்குச் சரி; தீவின் வடபகுதிச் சாலையில் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் உண்டு.

தங்குமிடத்தை அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அடுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடற்கரைகளான பாசிர் போகாக்கும் தெலுக் நீப்பாவும் தீவின் மேற்குப் பக்கம் இருக்கின்றன; மீனவர் குடியிருப்புகளும் சந்தையும் கருவாட்டுக் கடைகளும் கிழக்குப் பக்கம். மேற்கே தங்கிக் கிழக்கே வாங்குவதுதான் முறை. முன்பதிவின்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: கரி அடுப்புக்கு இடம் உண்டா, குளிர்பெட்டியில் உறைநிலைத் தட்டு உண்டா, மீன் கழுவ வெளிக்குழாய் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் எளிய சாலேட் (சிறு குடில் விடுதி), பசியாறலுக்குப் பத்து வகை பரப்பி வைக்கும் பெரிய விடுதியைவிட நம் நோக்கத்துக்கு மேலானது.

சம்பால் விழுதை வீட்டிலேயே அரைத்து எடுத்துச் செல்வது பயணத்தின் பாதி வேலையைக் குறைத்துவிடும். நான்கைந்து கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனுக்கு, ஊறவைத்து விதை நீக்கிய காய்ந்த மிளகாய் பதினைந்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், செராய் (எலுமிச்சைப் புல்) இரண்டு தண்டின் வெள்ளைப் பகுதி, விரலளவு பச்சை மஞ்சள், தணலில் சுட்ட பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுதுக் கட்டி) ஒரு சிறு துண்டு ஆகியவை போதும். பெலாச்சானை வீட்டிலேயே சுட்டுவிடுங்கள். சாலேட்டில் சுட்டால் அந்த வாடை அடுத்த அறைக்காரருக்கும் போய்ச் சேரும். அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை நிதானமாக வதக்கி, நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசலும் உப்பும் சிறிது குலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) சேர்த்து, ஆறியபின் டப்பாவில் அடைத்து உறையவைத்தால் வழியெல்லாம் அதுவே பனிக்கட்டியாகவும் பயன்படும். கொல்லையில் உள்ள வாழை இலை, ரம்பை இலை, எலுமிச்சை, ஒரு கத்தி, பனிப்பெட்டி, ஒரு புட்டி புளிக்காடி (வினிகர்) ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புளிக்காடி சமையலுக்கு அன்று. நம் நாட்டுக் கடல்களில் பெட்டிச் சொறிமீன் வகைகள் இருப்பதால், கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் உடனே புளிக்காடியைத் தாராளமாக ஊற்றிவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

மீன் வாங்கக் காலையிலேயே பட்டணத்துக்குப் போய்விடுங்கள். கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், வயிற்றை அழுத்தினால் குழி நிற்கக் கூடாது என்பதெல்லாம் நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறைவாக அறியப்பட்ட ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். கெம்போங், சூரை போன்ற மீன்களை வெயிலில் சில மணி நேரம் வைத்துவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் பெருகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை. முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி என்று உண்டவரை வாட்டும். ஆகவே வாங்கிய கையோடு பனிக்கட்டிக்குள் வைத்து, அதன் பிறகுதான் ஊர் சுற்றப் போக வேண்டும்.

ஊர் சுற்ற அரை நாள் போதும். தெலுக் காடோங்கில் டச்சுக்காரர்கள் 1670-இல் ஈய வணிகத்தைக் கட்டுப்படுத்தக் கட்டிய கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. 1874 ஜனவரி 20-இல் பேராக்கின் நிர்வாகத்துக்குள் ஆங்கிலேயரை நுழையவிட்ட பங்கோர் உடன்படிக்கை இந்தத் தீவுக்கு அருகில் கப்பலில் கையெழுத்தானது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொல்லலாம். மாலையில் தெலுக் நீப்பாவில் இருவாய்ச்சிகள் வந்து அமரும். குரங்குகளும் வரும், சமையல் பொருளை வெளியில் வைக்காதீர்கள். 2020 ஜனவரி முதல் தீவு வரியற்ற பகுதியாக இருப்பதால் மிட்டாய்க் கடைகளில் கூட்டம் உண்டு. அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் கரியைப் பற்றவைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கரி நெருப்பில் சுவாலை இருக்கும்வரை மீனை வைக்கக் கூடாது. மேற்பரப்பு சாம்பல் பூத்து, உள்ளே செந்தணலாக இருக்கும் நிலைதான் சரியான நிலை. முதலில் வாழை இலையின் நடுநரம்பைச் சீவி, இலையை நெருப்புக்கு மேல் மெதுவாக இழுத்துக் காட்டுங்கள். வெளிறிய பச்சை சட்டென்று கருத்து, எண்ணெய் பூசியது போல் மினுமினுப்பு ஓடும். அந்த நொடியிலிருந்து இலை கிழியாமல் மடங்கும். குடல் நீக்கிக் கழுவி ஈரம் துடைத்த மீனின் முதுகுப் பக்கம் இருபுறமும் எலும்பு தொடும் வரை கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கீறலுக்குள் சம்பாலைத் திணியுங்கள். இரண்டு இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் ஒரு செராய்த் தண்டைத் தட்டிப் போட்டு, மீனை அதன்மேல் கிடத்தி, மிச்சச் சம்பாலையும் பூசிப் பொட்டலமாக மடியுங்கள். நடுத்தரமான கெம்போங்குக்குப் பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம் போதும். வெளி இலை கருகும். அதைப் பார்த்து அஞ்சிப் பொட்டலத்தை எடுத்துவிடாதீர்கள். கடைசி இரண்டு நிமிடம் பொட்டலத்தைத் திறந்து வைத்தால் சம்பாலின் ஈரம் வற்றி ஓரங்கள் முறுகும். திருக்கை கிடைத்தால் அதன் சிறகுத் துண்டுக்கு இதே முறைதான், நேரம் மட்டும் சற்றுக் கூடும். கணவாயை இலையில் மடிக்க வேண்டாம். நேரடித் தணலில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் விட்டால் அது ரப்பராகிவிடும், பால்மரம் வெட்டிய பரம்பரைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தொட்டுக்கொள்ள ஆயர் ஆசாம் என்னும் புளிச்சாறு போதும். மெல்லிய புளிக்கரைசலில் நறுக்கிய சின்ன வெங்காயம், காந்தாரி மிளகாய், தக்காளி, சுட்ட பெலாச்சான் பொடி, உப்பு, சிட்டிகைச் சர்க்கரை சேர்த்து, உண்ணும்போது எலுமிச்சை பிழிய வேண்டும். இதற்குச் சுடச்சுட வெறும் சோறே பொருத்தம்; தேங்காய்ப் பால் சோற்றை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் நேரம் ஒதுக்க வேண்டியது கருவாட்டுக் கடைகளுக்குத்தான். பங்கோரின் நெத்திலி, பிடித்த சூட்டோடு உப்பு நீரில் அவிக்கப்பட்டு வெயிலில் உலர்த்தப்படுவதால் சதை உறுதியாக இருக்கிறது. பொட்டலமாகக் கட்டி வைத்ததை வாங்காமல், திறந்த கூடையில் உள்ளதைக் கேளுங்கள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் வெள்ளி நிறம் தெரிய வேண்டும். மஞ்சள் பாய்ந்திருந்தால் கொழுப்பு கெடத் தொடங்கிவிட்டது. ஒன்றை வளைத்தால் துவளாமல் ஒடிய வேண்டும். முகர்ந்தால் கடல் வாசனை இருக்கலாம், பழைய எண்ணெய் வாடை இருக்கக் கூடாது. உள்ளங்கையில் உப்புத் தூள் அதிகமாக ஒட்டினால், எடைக்கு உப்பையும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்று பொருள். வறுத்துத் தூவுவதற்குச் சிறியது நல்லது. சம்பாலுக்குத் தலையும் குடலும் நீக்கிப் பிளந்த பெரிய வகை ஏற்றது. எள் தூவிய மீன் சாத்தேயும் அங்கேயே கிடைக்கும். பிள்ளைகள் கேட்பார்கள், அது லூமுட் கரை வரை தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் நெத்திலியைப் பரப்பி ஒரு வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து உறைநிலையில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நம் வட்டாரத்து ஈரக்காற்றில் அலமாரியில் வைத்தால் வெகு விரைவில் மஞ்சளாகிவிடும். சமைக்கும்போது ஊறவைக்காமல் ஓடும் நீரில் அலசி உடனே துடைத்து, மிதமான எண்ணெயில் வறுத்து, பொன்னிறம் முழுமை பெறுவதற்குச் சற்று முன்பே எடுத்துவிட வேண்டும். மீதிச் சிவப்பு அதன் சொந்தச் சூட்டிலேயே ஏறும்.

தீவுச் சமையல் என்றவுடன் அன்னாசியும் இளநீரும் அலங்கரித்த தட்டை நினைக்க வேண்டியதில்லை. லயத்து வீடுகளில் மரவள்ளிக் கிழங்கோடு உண்ட நெத்திலிச் சம்பாலே இந்தக் கடலின் சமையல்தான். தோட்டத்து மளிகைக் கடையில் பற்றெழுதி வாங்கிய நெத்திலி, கடற்கரைக் கொட்டகைகளில் காய்ந்தே வந்தது. கிழங்கின் பழுப்புத் தோலோடு உள்ளே உள்ள தடித்த தோலையும் உரித்து, துண்டாக்கி, நிறைய நீரில் மூடாமல் மெத்தென்று வேகும்வரை அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு நடுநாரை உருவிவிடுங்கள். தீவுக்கு அரைத்த அதே விழுதை இன்னொரு பங்கு வதக்கி, வட்டமாக அரிந்த பெரிய வெங்காயத்தைப் பாதி வேகவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு வறுத்த நெத்திலியைச் சேர்த்துப் புரட்டுங்கள். முன்பே போட்டால் ஊறித் துவண்டுவிடும். பிளந்தபோது நீக்கிய தலைகள் இருந்தால் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம். கீரைக் கடைசலுக்கு ஒரு கரண்டி போட்டால் தனியாகத் தொடுகறி தேட வேண்டியதில்லை.